பூரணம் வைத்த பிரெஞ்சு டோஸ்ட்: ஒரே பிரெட்டில் இனிப்பும் காரமும்

முட்டையும் பாலும் சேர்த்து அடித்த கலவையில் பிரெட்டை நனைத்து, வெண்ணெயில் பொன்னிறமாகச் சுட்டெடுத்தால் அது பிரெஞ்சு டோஸ்ட். நடுவே பூரணம் வைத்துச் சுடும்போது வேலையின் தன்மையே மாறிவிடுகிறது. மெல்லிய துண்டு என்றால் இரண்டு பக்கமும் சிவந்ததும் நடுப்பகுதியும் வெந்துவிடும். பூரணம் வைத்ததோ நான்கு சென்டிமீட்டர் கனம், அதற்குள் குளிர்ந்த சீஸ், அதைச் சுற்றிலும் முட்டைப்பால் ஊறிய பிரெட். அதனால்தான் பலருக்கு வெளிப்புறம் கருகத் தொடங்கும் வேளையிலும் உள்ளே முட்டை வேகாமல், கவுச்சி அடித்துக்கொண்டு, தொளதொளவென்று நிற்கிறது. இந்தக் குறைக்குத் தீர்வு விலை உயர்ந்த பொருள்களில் இல்லை. பிரெட் காய்ந்திருக்க வேண்டும், பூரணத்தில் நீர் இருக்கக் கூடாது, அடுப்பில் நிறத்தை மட்டும் வாங்கிக்கொண்டு வேகவைக்கும் வேலையை ஓவனிடம் விட்டுவிட வேண்டும். கீழே வரும் அளவுகளும் நேரங்களும் எல்லாமே இந்த மூன்றையும் காப்பாற்றுவதற்காகத்தான்.

காலை உணவையும் மதிய உணவையும் ஒன்றாக்கி, ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் நிதானமாக உண்ணலாம் என்று கை பெரிஞ்சர் என்ற ஆங்கிலேயர் 1895ஆம் ஆண்டு ஒரு பத்திரிகையில் எழுதினார். பிரஞ்ச் (brunch) எனப்படும் அந்த வழக்கம் பிறகு அமெரிக்காவில்தான் பெரிதாக வேரூன்றியது. அங்குள்ள பிரஞ்ச் உணவகங்களில் கிரீம் சீஸும் ஸ்ட்ராபெரியும் அடைத்த பிரெஞ்சு டோஸ்டை அடிக்கடி காணலாம். காரவகைக்கும் அங்கே முன்னோடி உண்டு: பன்றி இறைச்சித் துண்டான ஹாம், வான்கோழி, சுவிஸ் சீஸ் ஆகியவற்றை இரண்டு பிரெட்டுகளுக்கிடையே வைத்து, முட்டைக் கலவையில் தோய்த்துச் சுடும் மான்டி கிறிஸ்டோ சாண்ட்விச். நேப்பிள்ஸ் பக்கத்தில் மொசரெல்லாவை பிரெட்டுக்குள் வைத்து முட்டையில் தோய்த்துப் பொரிப்பார்கள். ஹாங்காங்கின் தேநீர்க் கடைகளில் வேர்க்கடலை வெண்ணெய் தடவிய இரண்டு துண்டுகளைச் சேர்த்து முட்டையில் நனைத்து எண்ணெயில் பொரித்து, மேலே ஒரு வெண்ணெய்க் கட்டியையும் இனிப்புப் பாகையோ கட்டிப்பாலையோ வைத்துத் தருவார்கள். உணவகத்துக்குச் சென்றால் இவற்றில் ஏதேனும் ஒன்றைத்தான் கேட்டு வாங்க முடியும். வீட்டில் செய்யும்போது ஒரே பிரெட்டையும் ஒரே முட்டைக் கலவையையும் கொண்டு இரண்டு சுவையையும் ஒரே தட்டில் வைக்கலாம் என்பதே வீட்டுச் சமையலின் பெரிய வசதி. இனிப்பு, காரம், காபி என்று வரிசையாக உபசரித்துப் பழகிய நமக்கு இது புதிதாகவும் தோன்றாது.

இங்கே தரும் அளவு ஆறு பேருக்கானது. கனமான ஆறு துண்டுகளில் மூன்றில் இனிப்பும் மூன்றில் காரமும் அடைத்து, சுட்டபின் ஒவ்வொன்றையும் குறுக்கே இரண்டாக வெட்டினால், ஒவ்வொருவருக்கும் பாதி இனிப்பும் பாதி காரமும் கிடைக்கும்.

பிரெட்

முழுதாக, வெட்டாமல் இருக்கும் பிரெட்தான் வேண்டும். அமெரிக்கச் சமையற்காரர்கள் பெரும்பாலும் எடுப்பது சாலா அல்லது பிரியோஷ். சாலா என்பது யூதர்கள் சபாத் என்னும் வார ஓய்வு நாளுக்காகச் சுடும் பின்னல் பிரெட். முட்டை நிறைய உண்டு, பாலும் வெண்ணெயும் கிடையாது, அதற்குப் பதில் எண்ணெய் சேர்க்கிறார்கள். அதனால் இழை சற்று உறுதியாக இருக்கும். முட்டைப்பாலை நன்றாக உறிஞ்சியும் உடையாது. பிரியோஷில் வெண்ணெய் மிகுதி. சுவை கூடுதல், ஆனால் ஊறினால் எளிதில் குழைந்துவிடும். இரண்டும் கிடைக்கிற இடத்தில் பூரணம் வைக்க நான் சாலாவையே எடுப்பேன், இரண்டாவது யோசனைக்கு இடமில்லை. இரண்டுமே கிடைக்காவிட்டால் பேக்கரியில் துண்டு போடாத பால் பிரெட்டைக் கேட்டு வாங்கலாம். காலையில் சுட்ட பிரெட்டை அன்றே வெட்டினால் கத்திக்கு அடியில் நசுங்கும் என்பதால் முந்தைய நாளே வாங்கி வைப்பது நல்லது. துண்டு போட்டு உறையிலிட்டு விற்கும் சாதாரண பிரெட் மட்டுமே கைவசம் இருந்தால் அதற்கும் வழி உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

ரம்பப் பல் உள்ள பிரெட் கத்தியால் நான்கு சென்டிமீட்டர் கனத்தில் ஆறு துண்டுகள் வெட்டவும். முனைகள் இரண்டையும் தனியே எடுத்து வைத்துவிடலாம். இனி ஒவ்வொரு துண்டிலும் ஒரு பை வெட்ட வேண்டும். துண்டைப் பலகையில் படுக்கவைத்து, உள்ளங்கையால் மேலிருந்து மெல்ல அழுத்திப் பிடித்துக்கொண்டு, மேற்பக்கத் தோலின் நடுவே சிறிய கூர்முனைக் கத்தியைப் பலகைக்கு இணையாக நுழைக்கவும். தோலில் விழும் வெட்டு ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம். கத்தியின் முனை எதிர்ப்பக்கத் தோலுக்கு ஒரு சென்டிமீட்டர் முன்பே நின்றுவிட வேண்டும். பிறகு வாயை மேலும் அகலமாக்காமல், கத்தியின் பிடியை மட்டும் இடமும் வலமுமாக அசைத்தால், முனை உள்ளே விசிறிபோல் விரிந்து பையை அகலமாக்கும். வாய் சிறியது, வயிறு பெரியது: சுருக்குப்பையின் அமைப்புதான். மேலுள்ள உள்ளங்கை கத்தி எங்கே போகிறது என்பதை உணர்ந்துகொண்டே இருக்கும். பிரெட்டின் மேற்பரப்பு மேடிட்டால் கத்தி மேல்நோக்கிச் செல்கிறது என்று பொருள், உடனே பிடியைச் சற்று உயர்த்தி முனையைத் தாழ்த்த வேண்டும். முதல் துண்டில் மட்டுமே இது கடினமாகத் தெரியும்.

பை வெட்டியபின் உலர்த்துவது. பிரெட் நாள்பட்டு விறைப்பாவதும் அது காய்வதும் ஒன்றல்ல. விறைப்பு வருவது மாவுச்சத்து மறுபடி படிகமாவதால். குளிர்சாதனப் பெட்டியில் அது இன்னும் வேகமாக நடக்கும். ஆனால் அப்படி விறைத்த பிரெட்டைச் சூடாக்கினால் மறுபடி இளகிவிடும், ஏனென்றால் அதிலிருந்த நீர் வெளியே போகவில்லை. நமக்கு வேண்டியது நீர் வெளியேறிய பிரெட். அந்த வெற்றிடத்தைத்தான் முட்டைப்பால் நிரப்பப் போகிறது. ஆகவே துண்டுகளைக் கம்பி வலைத் தட்டில் பரப்பி, 150 டிகிரி செல்சியஸ் சூட்டிலுள்ள ஓவனில் பதினைந்து முதல் இருபது நிமிடம் வைத்து, பாதி நேரத்தில் ஒருமுறை திருப்பிவிடவும். நிறம் மாறக் கூடாது. விரல் நுனியால் தடவினால் மேற்பரப்பு சொரசொரப்பாகக் காய்ந்தும், அழுத்தினால் நடுவில் இன்னும் கொஞ்சம் மென்மை மிச்சமிருந்தும் இருந்தால் போதும். ஓவன் வசதி இல்லையென்றால் இரவு முழுவதும் கம்பித் தட்டில் திறந்தபடி வைக்கலாம். கடலோர ஊர்களின் புழுக்கத்தில் அது சரியாகக் காயாது என்பதால், அங்கே தோசைக்கல்லை மிகக் குறைந்த தீயில் வைத்து, எண்ணெய் விடாமல் இரண்டு பக்கமும் வாட்டியெடுப்பதே நம்பகமான வழி.

இனிப்புப் பூரணம்

மூன்று துண்டுகளுக்கு 150 கிராம் கிரீம் சீஸ், இரண்டு மேசைக்கரண்டி பொடித்த சர்க்கரை, அரை எலுமிச்சையின் மஞ்சள் தோல் துருவல், கால் தேக்கரண்டி வெனிலா. கிரீம் சீஸ் அறைச் சூட்டுக்கு வந்த பிறகு மரக்கரண்டியால் குழைத்தால் கட்டி தட்டாது. குழைத்ததைக் குளிர்சாதனப் பெட்டியில் குறைந்தது ஒரு மணி நேரம் வைத்து மீண்டும் கெட்டியாக்க வேண்டும், ஏனெனில் தளர்ந்த பூரணம் நனைக்கும்போதே வாய் வழியே வழிந்துவிடும். மாஸ்கர்போனே சீஸ் சூட்டில் சீக்கிரம் இளகி ஓடும். ரிக்கோட்டா சீஸில் நீர் அதிகம், அதைத்தான் வைக்க வேண்டும் என்றால் மெல்லிய துணியில் கட்டித் தொங்கவிட்டு இரண்டு மணி நேரம் வடித்த பிறகே சேர்க்கலாம்.

பழத்தில்தான் மிகுதியானவர்கள் சறுக்குகிறார்கள். ஸ்ட்ராபெரியை நறுக்கிச் சர்க்கரை தூவி அப்படியே உள்ளே வைத்தால், சர்க்கரை பழத்திலிருந்து நீரை இழுத்து வெளியே விடும். அந்த நீர் பிரெட்டை உள்ளிருந்தே நனைத்துக் கூழாக்கிவிடும். 250 கிராம் ஸ்ட்ராபெரியில் 100 கிராமைப் பொடியாக நறுக்கி, ஒரு மேசைக்கரண்டி சர்க்கரையும் சில துளி எலுமிச்சைச் சாறும் சேர்த்து, சிறிய வாணலியில் நீர் வற்றும்வரை கிளறவும். கரண்டியால் வாணலியின் அடியில் ஒரு கோடு இழுத்தால், அந்தக் கோடு மூடாமல் இரண்டு மூன்று வினாடி அப்படியே நிற்க வேண்டும். அதுதான் பதம். ஆறவிட்டு கிரீம் சீஸின் நடுவே துண்டுக்கு ஒரு தேக்கரண்டி வீதம் வைக்கலாம். மிச்சமிருக்கும் 150 கிராம் பழத்தையும் பச்சையாகவே, பரிமாறும்போது மேலே போட வேண்டும். வெந்த பழத்தின் அடர்த்தியும் பச்சைப் பழத்தின் புளிப்பும் சேர்ந்தால்தான் கிரீம் சீஸ் திகட்டாமல் இருக்கும்.

கார வகைக்கான பூரணம்

நல்ல கார பூரணத்தில் உருகும் சீஸ் ஒன்று, உப்பும் கடியும் தரும் பொருள் ஒன்று, அந்தக் கொழுப்பை வெட்டும் காட்டம் ஒன்று என்று மூன்றும் இருக்க வேண்டும். மூன்று துண்டுகளுக்கு 100 கிராம் துருவிய குரூயேர் சீஸ், மெல்லியதாக வெட்டிய ஹாம் ஆறு துண்டு, இரண்டு தேக்கரண்டி டிஜோன் கடுகு விழுது, ஒரு மேசைக்கரண்டி பொடியாக நறுக்கிய வெங்காயத் தாள். குரூயேர் சுவிட்சர்லாந்தின் கெட்டி சீஸ். நன்றாக உருகும், உருகினாலும் எண்ணெய் பிரியாமல் பிணைந்து நிற்கும். அது கிடைக்காத இடத்தில் ஓரளவு முதிர்ந்த செடார் போதும். பீட்சாவுக்கான நீர் குறைந்த மொசரெல்லாவும் உருகும். ஆனால் சுவை மந்தம் என்பதால் கடுகு விழுதைச் சற்றுக் கூட்ட வேண்டும். நீரில் ஊறிய புது மொசரெல்லாவை மட்டும் எடுக்க வேண்டாம்.

சீஸைத் துண்டாக வைக்காமல் துருவிப் போடுவதற்குக் காரணம் நேரம். நடுப்பகுதி சூடாகக் கிடைப்பது சில நிமிடங்களே. துருவல் அதற்குள் உருகிவிடும், கட்டி உருகாது. துருவலை வெங்காயத் தாளோடு கலந்து மூன்று பங்காக்கி, ஒவ்வொரு பங்கையும் உள்ளங்கையில் அழுத்தித் தட்டையான வில்லையாக்கவும். இரண்டு ஹாம் துண்டுகளைச் சிலுவைபோல் விரித்து, அவற்றில் கடுகு விழுதைத் தடவி, நடுவே சீஸ் வில்லையை வைத்து, நான்கு பக்கமும் மடித்துப் பொட்டலமாக்கவும். மடிப்பு அடியில் இருக்கும்படி அந்தப் பொட்டலத்தைப் பைக்குள் நுழைத்தால், உருகும் சீஸ் ஹாமுக்குள்ளேயே அடங்கிக் கிடக்கும். தோசைக்கல்லில் வழிந்து தீயாது.

இறைச்சி உண்ணாதவர்களுக்குக் காளான் மிகப் பொருத்தம், ஆனால் அதன் நீரை ஒழிக்கப் பொறுமை வேண்டும். 250 கிராம் காளானை மெல்லியதாக நறுக்கி, அகன்ற வாணலியில் ஒரு சிட்டிகை உப்புடன் நடுத்தரத் தீயில் விட்டால், முதலில் நீர் விட்டுக் கொண்டு தானே வேகும். அந்த நீர் முழுவதும் வற்றி, வாணலியில் சடசடவென்ற ஓசை கேட்டு, ஓரங்கள் சிவக்கத் தொடங்கிய பிறகே ஒரு தேக்கரண்டி வெண்ணெய், நசுக்கிய ஒரு பல் பூண்டு, தைம் இலை, மிளகுத்தூள் ஆகியவற்றைச் சேர்த்து இறக்கவும். பெரிய குவியல் ஒரு கைப்பிடியாகச் சுருங்கியிருக்கும். அது மூன்று துண்டுகளுக்குச் சரியாக இருக்கும். ஆறியதும் அதோடு சீஸ் துருவலைக் கலந்து பைக்குள் அடைக்கலாம். பசலைக்கீரை சேர்ப்பதாக இருந்தால் வதக்கி ஆறவைத்து, இரண்டு கையாலும் பிழிந்து, இனி ஒரு சொட்டும் வராது என்ற நிலைக்குக் கொண்டுவர வேண்டும். வேகவைக்காத தக்காளித் துண்டுகளை உள்ளே வைக்கும் குறிப்புகள் நிறையவே உலவுகின்றன. அவற்றைப் பின்பற்ற வேண்டாம். தக்காளியின் இடம் பக்கத்துத் தட்டு.

ஒரே முட்டைப்பால், இரண்டு கிண்ணம்

ஐந்து முழு முட்டை, கூடுதலாக இரண்டு மஞ்சள் கரு, 300 மில்லிலிட்டர் முழுக்கொழுப்புப் பால், 60 மில்லிலிட்டர் கெட்டி கிரீம், கால் தேக்கரண்டி உப்பு. முட்டைக் கவுச்சிக்கு முக்கியக் காரணம் வெள்ளைக் கருவிலுள்ள கந்தகச் சேர்மங்கள். மஞ்சள் கருவின் பங்கை உயர்த்தினால் அந்த வாடை மட்டுப்படும், கலவையும் செழுமையாகும். எல்லாவற்றையும் அடித்து, கண்ணுள்ள வடிகட்டியில் ஒருமுறை ஊற்றி வடிக்கவும். வெள்ளைக் கருவின் கெட்டியான இழைகள் வடிகட்டியில் தங்கிவிடும். வடிக்காமல் விட்டால் அவை டோஸ்டின் மேல் வெள்ளைத் திட்டுகளாக ஒட்டிக்கொள்ளும்.

வடித்ததை இரண்டு அகலக் கிண்ணங்களில் சமமாகப் பிரிக்கவும். இனிப்புக்கு உரியதில் ஒன்றரை மேசைக்கரண்டி சர்க்கரை, ஒரு தேக்கரண்டி வெனிலா, அரை தேக்கரண்டி பட்டைத்தூள். பட்டைத்தூளை நேரே தூவினால் மிதந்து, முதல் துண்டிலேயே முழுதும் ஒட்டிக்கொள்ளும். சர்க்கரையோடு கலந்து, இரண்டு கரண்டி முட்டைப்பாலில் விழுதாகக் குழைத்துப் பிறகு மொத்தத்தில் சேர்த்தால் சமமாகப் பரவும். சர்க்கரையை இதற்கு மேல் கூட்டக் கூடாது; கூட்டினால் உள்ளே வேகும் முன்பே வெளியே கறுக்கும். காரத்துக்கு உரிய கிண்ணத்தில் சர்க்கரை ஒரு துளியும் வேண்டாம். அரை தேக்கரண்டி மிளகுத்தூள், ஒரு சிட்டிகை ஜாதிக்காய்த்தூள், அரை தேக்கரண்டி கடுகு விழுது போதும். ஹாமும் சீஸும் உப்பைச் சுமந்து வருவதால் மேலும் உப்பு சேர்க்காமல் விடுவதே பாதுகாப்பு. காளான் பூரணத்துக்கு மட்டும் இன்னொரு சிட்டிகை சேர்க்கலாம்.

நனைப்பதும் சுடுவதும்

நனைக்கத் தொடங்குவதற்கு முன்பே ஓவன் 175 டிகிரி செல்சியஸில் சூடாகியிருக்க வேண்டும், அதற்குள் ஒரு தட்டும் அதன்மேல் கம்பி வலையும் தயாராக இருக்க வேண்டும். நனைத்த துண்டு காத்திருக்காது என்பதால் இந்த வரிசையை மாற்ற வேண்டாம்.

பூரணத்தை ஏற்கெனவே அடைத்த துண்டைக் கலவையில் படுக்கவைத்து, ஒரு பக்கத்துக்கு நாற்பது வினாடி, மறுபக்கத்துக்கு நாற்பது வினாடி. பிரியோஷாக இருந்தால் இருபத்தைந்து வினாடி போதும். பையின் வாய் எப்போதும் மேற்பக்கமாகவோ பக்கவாட்டிலோ இருக்க வேண்டும். கீழ்நோக்கி வந்தால் கலவை உள்ளே புகும். பிறகு ஓரங்களை ஒருமுறை கலவையில் உருட்டி எடுத்து, கம்பி வலையில் ஐந்து நிமிடம் வைக்கவும். பலர் இந்த ஐந்து நிமிடத்தைத் தவிர்த்துவிடுகிறார்கள். நனைத்தவுடன் முட்டைப்பால் மேற்பரப்பில்தான் தேங்கி நிற்கும். ஓய்வு கொடுத்தால் ஒரு பகுதி உள்நோக்கி இறங்கும், மிகுதி சொட்டிவிடும். அப்போது கல்லில் போட்டால் ஓரத்தில் ஆம்லெட் பாவாடை கட்டாது. துண்டைக் கையில் எடுத்தால் கனமாக, ஆனால் வளையாமல் இருக்க வேண்டும். வளைந்து தொங்கினால் ஊறியது அதிகம்.

சுடுவதற்குக் கனமான வார்ப்பிரும்புத் தோசைக்கல்லே சிறந்தது, மூன்று துண்டுகளும் ஒன்றையொன்று தொடாமல் அமர வேண்டும். கொழுப்பைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை நிலவுகிறது: வெண்ணெயோடு எண்ணெய் சேர்த்தால் வெண்ணெய் கருகாது என்பார்கள். வெண்ணெயில் கருகுவது அதிலுள்ள பால் திடப்பொருள். எண்ணெய் ஊற்றினாலும் அது அங்கேயேதான் இருக்கும், அதே சூட்டில் கருகவே செய்யும். நெய்யில் அந்தத் திடப்பொருள் ஏற்கெனவே பிரிந்து போய்விட்டதால், நீண்ட நேரம் மிதமான சூட்டில் கிடக்க வேண்டிய இந்த டோஸ்டுக்கு நெய்யே பொருத்தம். இரண்டு தேக்கரண்டி நெய்யில் தொடங்கி, திருப்பிப் போட்ட பிறகு ஓரமாக ஒரு சிறு வெண்ணெய்த் துண்டை விட்டால், வெண்ணெயின் மணமும் கிடைக்கும், கருகலும் இராது.

காரவகையை முதலில் சுடவும். இனிப்பை முதலில் சுட்டால் கல்லில் ஒட்டிய சர்க்கரை கறுத்து, அடுத்து வரும் துண்டுகளில் கசப்பாக ஏறும். மிதத்துக்கும் சற்றுக் குறைந்த தீயில் ஒரு பக்கம் மூன்று முதல் நான்கு நிமிடம். போட்டவுடன் மெல்லிய சலசலப்புக் கேட்க வேண்டும். படபடவென்று தெறித்தால் தீ அதிகம். முதல் இரண்டு நிமிடத்துக்குத் துண்டைத் தொடவோ தோசைத்திருப்பியால் அழுத்தவோ கூடாது. அழுத்தினால் உள்ளிருக்கும் முட்டைப்பால் பிழிந்து வெளியே வரும், அது மீண்டும் உள்ளே போவதில்லை. இரண்டு பக்கமும் பொன்னிறமானதும், பையின் வாய் இருக்கும் ஓரத்தைக் கல்லில் அரை நிமிடம் நிறுத்திப் பிடித்தால் அந்த இடத்து முட்டை இறுகி வாயைப் பூட்டிவிடும். பிறகு நேராக ஓவனின் கம்பி வலைக்கு. எட்டு முதல் பத்து நிமிடத்தில் நடுப்பகுதி சற்றே உப்பி எழும். விரலால் அழுத்தினால் தளதளக்காமல் மெத்தையாக மீண்டு வரும். சமையல் வெப்பமானி இருந்தால் நடுவில் செருகிப் பார்க்கலாம். முட்டை உணவுகளுக்கு அமெரிக்க உணவுப் பாதுகாப்புப் பரிந்துரை கூறும் குறைந்தபட்சம் 71 டிகிரி செல்சியஸ். பாலில் கரைத்த முட்டை இறுகுவதற்கு அதற்கும் மேல் சூடு தேவைப்படுவதால் 75ஐத் தாண்டவிடுவது நல்லது.

காரவகை ஓவனில் இருக்கும்போதே கல்லைத் தாளால் துடைத்து, புதிய நெய் விட்டு, இனிப்புத் துண்டுகளைத் தொடங்கலாம். அவற்றுக்குத் தீயை இன்னும் ஒரு படி குறைக்க வேண்டும். ஓவன் இல்லாதவர்கள், இரண்டு பக்கமும் நிறம் வந்தபின் தீயை முடிந்தவரை குறைத்து, மூடியிட்டு ஐந்து நிமிடம் விட்டு, நடுவே ஒருமுறை திருப்பி, கடைசி ஒரு நிமிடம் மூடியைத் திறந்து ஈரத்தைப் போக்கலாம். மொறுமொறுப்பு சற்றுக் குறையும், உள்ளே வெந்துவிடும். ஏர் ஃபிரையரில் 160 டிகிரியில் ஏழு நிமிடம் வைத்தாலும் நன்றாக வரும்.

துண்டு போட்ட கடை பிரெட்டில் செய்வோர், முதலில் சொன்னபடி வாட்டிய இரண்டு துண்டுகளுக்கிடையே ஓரத்தில் ஒன்றரை சென்டிமீட்டர் விட்டுப் பூரணத்தைப் பரப்பி, விளிம்பில் முட்டைப்பாலைத் தொட்டுத் தடவி அழுத்திச் சேர்க்க வேண்டும். கனம் குறைவு என்பதால் நனைக்க ஒரு பக்கத்துக்குப் பத்து வினாடியும் ஓவனில் ஐந்து நிமிடமும் போதும்.

பரிமாறுவதும் மிஞ்சியதும்

எல்லாம் ஒரே நேரத்தில் சூடாக மேசைக்கு வர, முடிந்தவற்றை 95 டிகிரி ஓவனில் கம்பி வலையில் அரைமணி நேரம்வரை வைத்திருக்கலாம். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கவோ அலுமினியத் தாளால் மூடவோ வேண்டாம். நீராவி பட்டால் பாடுபட்டு வாங்கிய மொறுமொறுப்பு போய்விடும். வெட்டுவதற்கு முன் இரண்டு நிமிடம் ஆறவிட்டால் சீஸ் வழியாமல் வெட்டு முகம் அழகாக நிற்கும்.

இனிப்புக்குப் பச்சை ஸ்ட்ராபெரியும், லேசாகச் சூடாக்கிய மேப்பிள் பாகும் போதுமானவை. மேப்பிள் பாகு வாங்கும்போது சீட்டைப் படிக்க வேண்டும். ஏறத்தாழ 40 லிட்டர் மர நீரைக் காய்ச்சினால்தான் ஒரு லிட்டர் பாகு கிடைக்கும் என்பதால் உண்மையான பாகின் விலை உயர்ந்தே இருக்கும். மலிவாக விற்பவை பெரும்பாலும் மேப்பிள் மணமூட்டிய சோளச் சர்க்கரைப் பாகு. உண்மையானதில் நிறத்தைப் பொறுத்து வகைகள் உண்டு, கிரீம் சீஸின் புளிப்போடு போட்டியிட அடர்நிறப் பாகே வேண்டும். அதற்குச் செலவழிக்க மனமில்லையென்றால், போலிப் பாகைவிட, சிறிது வெந்நீரில் தளர்த்திய நல்ல தேன் எவ்வளவோ மேல்.

காரவகையின் பக்கத்தில் எலுமிச்சைச் சாறும் உப்பும் பிசறிய அருகுலா கீரையோ வேறு கசப்பான இலையோ, பாதியாக வெட்டிய சிறு தக்காளிகளோ இருக்கட்டும். கூடவே ஒரு தேக்கரண்டி சிவப்புக் கரண்ட் பழ ஜாமையும் வைக்கவும். மான்டி கிறிஸ்டோ சாண்ட்விச்சுடன் ஜாம் தருவது அமெரிக்காவில் பழைய வழக்கம். ஹாமின் உப்பும் சீஸின் கொழுப்பும் அந்தப் புளிப்பினிப்போடு சேரும்போதுதான் இனிப்புத் துண்டையும் காரத்துண்டையும் ஏன் ஒரே தட்டில் வைத்தோம் என்பது உண்பவருக்குப் புரியும். மேலே தூவும் பொடித்த சர்க்கரை ஈரத்தை இழுத்துச் சில நிமிடங்களில் கரைந்துவிடும் என்பதால், தட்டு மேசைக்குப் போகும் கணத்தில் தூவினால் போதும்.

முந்தைய இரவே செய்து வைக்கக்கூடியவை நிறைய: பிரெட் வெட்டி உலர்த்துவது, இரண்டு பூரணங்கள், முட்டைப்பால் கலவை. பிரெட் வெளியிலும் மற்றவை குளிர்சாதனப் பெட்டியிலும் இருக்கலாம். பூரணம் அடைத்த துண்டுகளை மட்டும் இரவிலேயே நனைத்து வைக்கக் கூடாது. காலையில் எடுக்கும்போது கையோடு பிய்ந்து வரும். பாத்திரத்தில் அடுக்கி இரவெல்லாம் ஊறவைத்துச் சுடும் முறையும் அமெரிக்க வீடுகளில் உண்டு. அது புட்டிங்குக்கு நெருக்கமான வேறொரு பண்டம்.

மிஞ்சியவற்றை முழுதாக ஆறவைத்து, ஒன்றையொன்று தொடாமல் தட்டில் பரப்பி உறையவைத்து, பிறகு உறையிலிட்டு உறைபெட்டியில் ஒரு மாதம்வரை வைக்கலாம். மறுபடி சூடாக்கும்போது பனி இளகக் காத்திருக்காமல், உறைந்தபடியே 175 டிகிரி ஓவனில் கம்பி வலைமேல் இருபது நிமிடம் வைக்கவும். நடுப்பகுதி சூடாவதற்கு முன் மேற்பரப்பு சிவந்துவிட்டால் அப்போது மட்டும் அலுமினியத் தாளை மேலே தளர்வாகப் போர்த்தலாம். மைக்ரோவேவில் வைத்தால் பிரெட் தோல்போல் இழுபடும், அதனால் அவசரமான காலையிலும் ஓவனையோ மூடியிட்ட தோசைக்கல்லையோதான் நாட வேண்டும்.